எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி!

தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் போலீசுக்குப் போன் செய்துவிடாதீர்கள். எங்கள் வீடு ரொம்பச் சாதுவான வீடு. மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் சாலையில், விளாங்குடியில் இருக்கிறது. அம்மா, அக்கா, அக்காவின் பெண், நான் என்று நாங்கள் நான்கு பேருமே பெண்கள். அத்தான் துபாயில். வீட்டிலுள்ள ஆயுதங்களிலேயே பயங்கரமானது அம்மாவின் அரிவாள்மணைதான். அதுவும் கீரைத் தண்டைத் தவிர யாரையும் துன்புறுத்தியது கிடையாது.

இப்படிப்பட்ட வீட்டில் துப்பாக்கி எப்படி நுழைந்தது என்று கேட்கிறீர்களா? எல்லாம் பாப்பாவால் வந்தது. பதின்மூன்று வயதாகியும் அக்கா மகளை நாங்கள் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறோம்.

கோடை விடுமுறைக்குப் பெங்களூர் போனவள் தோளில் ஒரு ரூபாய் அளவுக்கு நீலக் கன்றலோடு திரும்பி வந்தாள். அக்கா பதறிப் போனாள். பாப்பாவோ மெடல் வாங்கியவள் போல அதைக் காட்டினாள்.

"பெயிண்ட்பால் ஆடினோம் சித்தி! அசல் மிலிடரி துப்பாக்கி மாதிரியே இருந்துச்சு. எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க!"

பத்திரிகைக்காரிக்கு எதையும் விசாரிக்காமல் இருக்க முடியுமா? விசாரித்தேன். மருந்து மாத்திரைக்குப் போடுவார்களே, அந்த மாதிரி ஜெலட்டின் தோலுக்குள் சாயத்தை அடைத்த உருண்டை அது. முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அழுத்திய காற்று அதை மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்துக்குத் தள்ளுகிறது. பட்ட இடத்தில் உடைந்து சாயம் தெறிக்கும். முதலில் காட்டிலாகாக்காரர்கள் மரத்துக்கு அடையாளம் போடவும், பண்ணைக்காரர்கள் மாட்டுக்கு அடையாளம் போடவும் வைத்திருந்த கருவிதான். 1981-ம் வருஷம் ஜூன் மாதம் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் பன்னிரண்டு பேர் அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கி, கொடிகளைப் பிடிக்கும் ஆட்டம் ஒன்றை ஆடினார்கள். அதில் வெற்றி பெற்றவர் யார் தெரியுமா? ஒரு முறைகூடச் சுடாமல், மறைந்து மறைந்து போய்க் கொடிகளைச் சேர்த்த ஒருவர்! இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

"அந்த ஆட்டத்திலே முகமூடியைக் கழற்றினியா?" என்று பாப்பாவைக் கேட்டேன்.

"ஐயோ, கழற்றினா வெளியே அனுப்பிடுவாங்க சித்தி. கண்ணு போயிடுமாம்."

கண் என்ற சொல் காதில் விழுந்ததும் அடுப்படியில் அம்மாவின் கைக் கரண்டி நின்றது. "இந்த வீட்டுக்குள்ளே துப்பாக்கிங்கிற பேச்சே வரக் கூடாது" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அம்மாவின் கோபத்துக்குக் காரணம் பாப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

1967-ல் விளாங்குடி இன்று போல மாநகராட்சிக்குள் இல்லை. அது நடந்தது 2011-ல்தான். அப்போது இங்கே கண்மாயும் வயலும் சோளக் கொல்லையுமாக இருந்தது. கிளி விரட்டுவதற்கென்று ஒரு பெரிய வீட்டில் காற்றுத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். அதை ஒருநாள் அப்பாவும் சித்தப்பாவும் கேட்காமலே எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது, சித்தப்பாவுக்கு ஒன்பது. அப்பா சுட்டார். கிளி பறந்துவிட்டது. ரவை கிணற்றுக் கல்லில் பட்டுத் திரும்பி வந்து சித்தப்பாவின் இடது கண்ணில் பாய்ந்தது.

அன்றைக்கு மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இல்லை. டாக்டர் வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு அதைத் தொடங்கியது 1976-ல். இருந்திருந்தாலும் அந்தக் கண் பிழைத்திருக்குமோ என்னவோ. அப்பா அதற்குப் பிறகு சாகும்வரை தீபாவளிக்குக் கேப்பு வெடிக்கிற பொம்மைத் துப்பாக்கியைக்கூட எங்களுக்கு வாங்கித் தந்ததில்லை. தம்பிக்கு வேட்டி எடுக்காமல் தாம் ஒரு நாளும் புது வேட்டி கட்டியதில்லை. அந்தச் சம்பவத்தைப் பற்றி அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டு நான் கேட்டதும் இல்லை.

சித்தப்பா அடுத்த தெருவில் தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். வயது அறுபத்தேழு. இருக்கிற ஒரு கண்ணாலேயே பன்னிரண்டாம் நம்பர் ஊசியில் நூல் கோத்துவிடுவார்.

* * *

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வந்தது. டெலிவிஷனில் இளவேனில் வாலறிவனைப் பாப்பா பார்த்துவிட்டாள். கடலூரில் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்தவர், 2019-ல் ரியோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வாங்கியவர். பாரிஸில் பத்தாவதாக வந்தார். எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அப்படியும் அவர் முகம் கோணாமல் துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்ததுதான் தன் மனசில் நின்றதாகப் பாப்பா சொன்னாள். அவள் கற்பனையோ என்னவோ, இந்தத் தடவை அவள் பெயிண்ட்பால் கேட்கவில்லை. "அந்த விளையாட்டைக் கத்துக்கணும்" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூரையைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் சித்தப்பா வந்து நின்றார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது.

"மதினி, புள்ளை முறையாக் கத்துக்கட்டும். முறையாக் கத்துக்காததாலே என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நானே கூட இருந்து பார்த்துக்கறேன்" என்றார்.

அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போனாள். சித்தப்பா சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுப்புக் கிடையாது. அப்பா இருந்த காலத்திலிருந்து வந்த வழக்கம் அது.

முதலில் மூன்று மாதம் பாப்பா பயிற்சிக் கூடத்துத் துப்பாக்கியிலேயே பழகினாள். பயிற்சி தரும் மாஸ்டர் முதல் வாரம் அவளுக்கு ரவையே கொடுக்கவில்லை. வெறுமே நிற்கச் சொன்னார். இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, துப்பாக்கியின் பாரத்தைக் கை தாங்காமல் எலும்பு தாங்கும்படி நிற்க வேண்டும். இடுப்பில் குடத்தை வைத்துத் தண்ணீர் எடுத்த பரம்பரை அல்லவா? பாப்பாவுக்குச் சுலபமாக வந்துவிட்டது. ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்ளவும் விடவில்லை. "மூடினால் முகம் களைத்துப் போகும். இரண்டும் திறந்திருக்கட்டும்" என்று ஒரு கண்ணுக்கு முன்னால் சின்ன அட்டை மறைப்பை வைத்துவிட்டார்.

"எனக்கு அந்த அட்டைச் செலவு மிச்சம்!" என்றார் சித்தப்பா. நாங்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தோம்.

குறியின் அளவைக் கேட்டால் உங்களுக்கு மயக்கம் வரும். பத்து மீட்டர் தூரத்தில் ஒரு தாள். நடுவில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய கறுப்பு வட்டம். அதற்கும் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மில்லிமீட்டர். கசகசா மணியில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்! போட்டியில் அறுபது தடவை அதைச் சுட வேண்டும். வீரமோ ஆவேசமோ அங்கே ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லை. மூச்சு அடங்க வேண்டும், மனசு அடங்க வேண்டும்.

* * *

பிறகுதான் சொந்தத் துப்பாக்கி வாங்கப் போனோம். கடையில் பாப்பாவின் கண் நேரே போய் நின்றது எதில் என்கிறீர்கள்? கன்னங்கரேலென்று, டெலஸ்கோப் வைத்து, ராணுவ வீரன் தோளிலிருந்து இறங்கி வந்தது போல ஒன்றில்தான். கடைக்காரர் நல்ல மனிதர்.

"பார்வைக்கு நல்லாயிருக்கும்மா. ஆனா போட்டியிலே டெலஸ்கோப் வைக்க விடமாட்டாங்க. இதைத் தூக்கிக்கிட்டுத் தெருவிலே நடந்தா பார்க்கிறவங்க அசல்னு பயப்படுவாங்க. எதுக்கு வம்பு?" என்றார்.

எங்களுக்கு அவர் சொல்லித் தந்ததை நான் அப்படியே எழுதிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இந்த ஆசை வந்தால் உபயோகப்படும்.

காற்றுத் துப்பாக்கியில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் காற்றை முன்னதாகவே சிலிண்டரில் அடைத்திருப்பார்கள். உதைப்பு இல்லை, பெரிய போட்டிகளில் அதுதான். ஆனால் விலை லட்சங்களில் போகும். சிலிண்டருக்கு ஆயுள் கணக்கும் உண்டு. மற்றது ஸ்பிரிங் வகை. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகி நிற்கும். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் பாய்ந்து, முன்னாலுள்ள காற்றை நெருக்கி, அந்தக் காற்று ரவையைத் தள்ளும். பழகுகிறவர்களுக்கு இது போதும். குழலின் துளை 4.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அந்த அளவுக்குள், 20 ஜூல் சக்திக்குள் இருப்பதற்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனாலும் அடையாளச் சான்றைக் காட்டி, பில் வாங்கி, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அளவு. ரவிக்கைக்கு அளவு பார்ப்பது போலத்தான் இதுவும். முழங்கையை மடக்கி, அந்த மடிப்பில் துப்பாக்கியின் அடிக்கட்டையை வைத்தால், ஆள்காட்டி விரல் நோகாமல் விசைக்கு எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் அது பெரியவர்கள் துப்பாக்கி. "வளர்ந்தா சரியாப் போகும்" என்று பள்ளிக்கூடச் சட்டை எடுப்பது போல எடுக்கக் கூடாது. தூக்கிப் பத்து நிமிஷம் நிற்கவும் முடிய வேண்டும்.

14,000 ரூபாயில், கறுப்புக்குப் பதில் மரக்கட்டை போட்ட சாதாரணத் துப்பாக்கி ஒன்று பாப்பாவுக்குப் பொருந்தியது. உறை போட்டு, பூட்டி, பஸ்ஸில் வராமல் ஆட்டோவில் கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா கொல்லையை அளந்தார். கிணற்றடியிலிருந்து மதில் சுவர்வரை பத்து மீட்டருக்கு மேல் இருந்தது. ஆனால் அவர் அளந்தது தூரத்தை மட்டும் அல்ல. எந்தக் கல்லில் பட்டால் ரவை எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். வெறும் சுவருக்கு முன் குறி வைக்கக் கூடாது என்றார். பழைய மரப் பெட்டி ஒன்றில் பத்திரிகைகளை இறுக்கி அடைத்து, பின்னால் இரும்புத் தகடு வைத்து, அதன் முன்னால்தான் குறித் தாளை ஒட்டினார். அடைத்தவை எல்லாம் நம் பத்திரிகையின் பழைய இதழ்கள்! ஒரு ரவை தொடர்கதையின் பதினான்காம் அத்தியாயத்தில் போய் நின்றிருந்தது. என் எழுத்து ஒருவரை இவ்வளவு உறுதியாகத் தடுத்து நிறுத்தியதை அன்றுதான் கண்டேன்.

குறியைச் சரி செய்வதும் கோலம் போடுவது போன்ற பொறுமை வேலை. ஒரு ரவை தப்பிப் போனால் உடனே திருகாணியைத் தொடக் கூடாது. ஐந்து ரவை சுட வேண்டும். ஐந்தும் ஒரே இடத்தில் சேர்ந்து விழுந்தால், ஆனால் நடுவை விட்டு விலகி விழுந்தால், அப்போதுதான் பின்குறியைத் திருப்ப வேண்டும். ரவை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின்குறியும் நகர வேண்டும். ஐந்தும் ஐந்து திக்கில் சிதறினால்? குற்றம் குறியில் இல்லை, நம்மிடத்தில் இருக்கிறது.

ரவை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒருநாள் பாப்பா ஈய ரவை டப்பாவை அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டாள். "ரவை எங்கேடி?" என்று அம்மா கேட்க, "அலமாரியிலே இருக்கு அம்மாச்சி" என்று அவள் சொல்ல, உப்புமாவுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது! நல்ல வேளையாக அம்மா டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள். சிரித்து முடித்ததும் அக்கா கண்டிப்பாகச் சட்டம் போட்டாள். ஈயம் விஷம். அது அடுப்படிக்குள் வரக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது.

* * *

இத்தனை நடந்தும் அம்மா கொல்லைப் பக்கம் வருவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பாப்பா சுடும்போது முன் அறையில் உட்கார்ந்து டெலிவிஷனைச் சத்தமாக வைத்துக்கொள்வாள்.

துப்பாக்கியைப் பராமரிக்கும் பொறுப்பு சித்தப்பாவினுடையது. காலேஜ் நாளில் என்.சி.சி.யில் துப்பாக்கிக் குழலுக்குள் கயிற்றில் துணி கட்டி இழுத்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த மிலிடரித் தோரணையில் தினம் இழுக்கலாம் என்றேன். "வேண்டாம்மா. இது மருந்து வெடிக்கிற துப்பாக்கி இல்லை, அவ்வளவு அழுக்கு சேராது. எப்பவாவது துடைச்சாப் போதும்" என்று மாஸ்டர் தடுத்தார். வெளி இரும்பில் கை வேர்வை படிந்தால் மதுரை வெயிலுக்கு உப்புப் பூத்துத் துருப்பிடிக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. ஸ்பிரிங் அதிர்ச்சியில் திருகுகள் தளர்ந்துவிடும், மாதம் ஒரு தடவை முறுக்கிப் பார்க்க வேண்டும். ரவை போடாமல் வெறுமே சுடக் கூடாது. முன்னால் நெருங்கி நிற்கும் காற்று மெத்தை இல்லாமல் உள்ளே இரும்பும் இரும்பும் மோதும். இதெல்லாம் தையல் மெஷின் சித்தப்பாவுக்குச் சட்டென்று புரிந்தது.

புரியாத ஒன்றும் இருந்தது. அதுதான் வினையாயிற்று.

ஒரு ஞாயிறு, குழலை மடக்கும்போது 'கிறீச்' என்று சத்தம் வந்தது. மெஷின்காரர் கை சும்மா இருக்குமா? எண்ணெய்க் குப்பியை எடுத்து உள்ளே மூன்று சொட்டு விட்டார். பாப்பா ரவை போட்டு, குறி பார்த்து, விசையைத் தொட்டாள்.

டமார்!

தீபாவளி வெடி போட்டது போல இருந்தது. குழலிலிருந்து நீலப் புகை, எண்ணெய் கருகின நாற்றம். நான் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டேன். அக்கா "ஐயோ!" என்று கத்தினாள். சித்தப்பாவின் கை தானாக அவருடைய இடது கண்ணுக்குப் போனது. ஐம்பத்தேழு வருஷத்துக்குப் பிறகும்! அம்மா தலைவிரி கோலமாக முன் அறையிலிருந்து ஓடிவந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாப்பா மட்டும் அசையவில்லை. துப்பாக்கியைக் கீழே போடவும் இல்லை, எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை. குழல் குறியைப் பார்த்தபடியே இருந்தது. விரல் விசையை விட்டு வெளியே நீண்டிருந்தது. மெதுவாகக் குழலைப் பாதி மடக்கித் திறந்தாள், உள்ளே பார்த்தாள், "காலி" என்றாள். திறந்தபடியே மேஜை மேல் வைத்தாள். இரண்டடி பின்னால் வந்தாள். "யாரும் முன்னாடி போகாதீங்க" என்றாள். கண்ணாடியை அப்போதும் கழற்றவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு உதடு நடுங்கியது.

மாஸ்டருக்குப் போன் செய்தோம். "எண்ணெய் விட்டீங்களா? டீசல் எஞ்சின் கதைதான். காற்று வேகமா நெருங்கினா கொதிக்கிற சூடு வரும். எண்ணெய் அதிலே பத்திக்கும். அந்த அறைக்குள்ளே மெஷின் எண்ணெய் ஒரு சொட்டும் போகக் கூடாது. வாஷரும் கெட்டிருக்கும், அனுப்புங்க பார்க்கலாம்" என்றார்.

சித்தப்பா கிணற்றுத் திண்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"தப்பு என்னுதுதான் மதினி. புள்ளை மேலே ஒரு தப்பும் இல்லை."

சற்று நேரம் கழித்து அவரே பேசினார்.

"அன்னிக்கும் அப்படித்தான். அண்ணன் 'நில்லுடா, முன்னாலே போகாதே'ன்னு கத்துச்சு. நான்தான் கிளி விழுந்துருச்சுன்னு நினைச்சுக் கிணத்துப் பக்கம் ஓடினேன். அதுக்குள்ளே விசை அழுந்திருச்சு. எங்களுக்கு ஒரு மாஸ்டர் இல்லை. நில்லுன்னா நிக்கணும்னு யாரும் சொல்லித் தரலை."

அம்மா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"இதை அவுககிட்டே ஒரு தரம் சொல்லியிருக்கலாமே தம்பி" என்றாள் கடைசியில். "ராத்திரியிலே எந்திரிச்சு எந்திரிச்சு உட்காருவாக."

"அண்ணன் கேட்கும்னு நான் இருந்தேன். நான் சொல்வேன்னு அண்ணன் இருந்துச்சோ என்னமோ" என்றார் சித்தப்பா.

ஸ்பிரிங்கை இறுக்கியபடி துப்பாக்கியை மணிக்கணக்கில் வைத்தால் அது பலம் இழந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எனக்கு ஏனோ அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது.

* * *

வாஷர் மாற்றித் துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது. சித்தப்பா எண்ணெய்க் குப்பியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். போன மாதம் பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியில் பாப்பாவுக்கு ஆறாவது இடம் கிடைத்தது. துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் அழுதாள்.

கொல்லை வேம்பில் கிளிகள் இப்போதும் வருகின்றன. 1972-ல் வந்த வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைச் சுடக் கூடாது என்கிறது. அவை இருக்கும் நேரத்தில் பாப்பா ஒலிக்குப் பயந்து பறந்துவிடுமோ என்று காத்திருக்கிறாள். அதற்கெல்லாம் சட்டம் இல்லை.

துப்பாக்கி அம்மாவின் கல்யாண டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ரவை அக்காவின் பீரோவில் தனியாக. டிரங்குச் சாவி அம்மாவின் இடுப்பில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆனதும் அம்மாவே சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறாள். பிறகு கொல்லைக்கு வந்து, சித்தப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, பாதுகாப்புக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்காருகிறாள்.

"தம்பி, நீங்களும் கண்ணாடியைப் போடுங்க" என்று அவரிடம் சொல்வதற்கு ஒரு வாரமும் மறந்ததில்லை.